நாலு தும்மலுக்கு ஒரு மார்க்

காணொளியில் இருந்த குழந்தைக்கு மூன்று நாள் வயது. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர். முகத்தைப் பாதி மறைத்திருந்தார்கள். ஒரு தாதி சுற்றியிருந்த துணியை விலக்குகிறார். கை இரண்டும் விறைத்து மேலே போகின்றன, தாடை படபடவென்று ஆடுகிறது. பசிக்கு அழும் குழந்தையின் குரல் ஏறும், இறங்கும், நடுவில் மூச்சு வாங்கும். இதில் அதெல்லாம் இல்லை. ஒரே சுருதியில், கம்பியை இழுத்த மாதிரி. இடையில் ஒரு தும்மல்.

"நூறு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மாதான். இரவு பதினொன்றரை. சிங்கப்பூரில், ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இணையப் பயிற்சியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு ஆயுசைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். இன்னொரு தும்மல்.

"எரநூறு."

"அம்மா, நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். குழப்பாதீங்க."

"நானும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

என் எண்ணிக்கை வேறு. நான்கு மணி நேரத்தில் மூன்று நான்கு தடவைக்கு மேல் தும்மினால் ஒரு மதிப்பெண். கொட்டாவிக்கும் அதே கணக்கு. மூக்கடைப்புக்கு ஒன்று, வியர்வைக்கு ஒன்று, தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறினால் ஒன்று. தண்ணீராக வயிற்றுப்போக்கு மூன்று. வலிப்பு வந்தால் ஐந்து. லொரெட்டா ஃபின்னகன் என்ற மருத்துவர் ஃபிலடெல்ஃபியாவில் வகுத்து 1975இல் வெளியிட்ட அட்டவணை இது. கருவில் இருந்தபோது தாயின் இரத்தத்தின் வழியே ஹெராயின், மார்ஃபின், மெத்தடோன் போன்ற அபின் வகை மருந்துகளுக்குப் பழகிய குழந்தைக்கு, தொப்புள்கொடி அறுந்ததும் அந்த வரத்து சட்டென்று நின்றுவிடுகிறது. அதன்பின் உடம்பு படும் பாட்டை எண்ணாக மாற்றும் தாள். தொடர்ந்து மூன்று முறை எட்டோ அதற்கு மேலோ வந்தால், அல்லது இரண்டு முறை பன்னிரண்டைத் தொட்டால், மருந்து தொடங்க வேண்டும் என்பது வழக்கம்.

அந்தக் குழந்தைக்கு நான் போட்டது 13. பயிற்சியாளர்கள் போட்டிருந்தது 9.

தாதி வேலைக்கு வந்து இருபது வருடம். அதில் பாதிக்கு மேல் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில். பதின்மூன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நான்கு மதிப்பெண் எப்படித் தொலைந்தது என்று காணொளியை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். நடுக்கத்துக்கு நான்கு போட்டிருந்தேன். அது யாரும் தொடாமல் தானாகவே பலமாக நடுங்கும் குழந்தைக்கு உரியது. இந்தக் குழந்தையைத் துணியை விலக்கித் தொந்தரவு செய்த பிறகுதான் நடுக்கம் வந்தது, அதற்கு இரண்டுதான். அழுகைக்கு மூன்று போட்டேன். சூப்பான் கொடுத்ததும் சற்று அடங்கியதே, அப்படியானால் இரண்டு. கொட்டாவி இரண்டே தடவை. அதற்கு எதற்கு ஒன்று போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. தலைப்பைப் படித்துவிட்டு உள்ளே போனதால்தான் என்று நினைக்கிறேன். 'போதைப்பொருளுக்கு ஆளான தாயின் குழந்தை' என்று தெரிந்த பிறகு கண் கொட்டாவியைத் தேட ஆரம்பித்துவிடுகிறது.

இரண்டு முறை என் கையால் இந்தத் தாளை எழுதியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு மார்ஃபின் ஆரம்பித்திருப்பார்கள். ஆரம்பித்தால் அடுத்த நாளே நிறுத்த முடியாது. படிப்படியாக இறக்க வேண்டும், வாரக்கணக்கில்.

பயிற்சியாளர் மதிப்பெண்ணோடு 90 விழுக்காடு ஒத்துப்போனால்தான் அடுத்த பாடம் திறக்கும். எனக்குத் திறக்க நான்கு இரவுகள் ஆயின.

*

"இதெல்லாம் நமக்கு எதுக்கு? அது அமெரிக்காக்காரன் பிரச்சினை." எங்கள் வார்டில் பாதிப் பேர் சொன்னது இதுதான். மீதிப் பாதி சிபிஇ எனப்படும் தொடர்கல்விப் புள்ளி கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்கும்.

அங்கே நிலைமை வேறு என்பது உண்மைதான். 2012ஆம் ஆண்டுக் கணக்குப்படி அமெரிக்காவில் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு குழந்தை இந்த நிலையில் பிறந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அது ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக இருந்தது. வலி மாத்திரையில் ஆரம்பித்து ஹெராயினுக்குப் போன கதை உலகறிந்தது. அங்கே வெர்மான்ட் ஆக்ஸ்ஃபர்ட் நெட்வொர்க் என்ற மருத்துவமனைக் கூட்டமைப்பு 2012 முதல் 2014 வரை 199 மருத்துவமனைகளை ஒன்றாகச் சேர்த்து இதே விஷயத்தில் தொலைவழிப் பயிற்சி நடத்தியது. மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களின் இடைநிலை 21இலிருந்து 19 ஆனது. இரண்டு நாள்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் புது மருந்தில்லை, புதுக் கருவியில்லை. ஒரே குழந்தையைப் பார்த்து எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவது, ஒரே மாதிரி மருந்தை இறக்குவது, அம்மாவோடு மரியாதையாகப் பேசுவது, அவ்வளவுதான் அதில் இருந்தவை.

இங்கே வருடத்துக்கு ஒரு சில குழந்தைகளை ஒரு தாதி பார்த்தால் அதிகம். என்னைக் கேட்டால் இணையப் பயிற்சி நமக்குத்தான் கூடுதலாக வேண்டும். தினமும் பார்ப்பவளுக்குக் கண் மறக்காது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பவள், அந்த நாளில், அந்த ஷிஃப்டில், அலமாரியிலிருந்து தாளை எடுத்துத் தூசு தட்டிவிட்டு மனத்துக்குத் தோன்றியதை எழுதுவாள். நான் எழுதியதும் அப்படித்தான்.

இங்கே ஹெராயினைவிட ஐஸ் எனப்படும் மெத்தம்ஃபெட்டமின்தான் முன்னால் நிற்கிறது. ஐஸ் புழங்கிய தாயின் குழந்தை வேறு மாதிரி. கத்தாது, நடுங்குவதும் குறைவு. தூங்கித் தூங்கி வழியும், பால் குடிக்கச் சோம்பும். 'நல்ல பிள்ளை, சத்தமே இல்லை' என்று நாம் மகிழ்ந்து போவோம்.

*

அம்மா அன்றிரவு படுக்கப் போகவில்லை. எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"இந்த அழுகைய நான் கேட்டிருக்கேன்" என்றார்.

1970களின் பிற்பாதியில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஆயாவாக வேலை பார்த்தவர் அம்மா. மலாயில் எருமைத் தொழுவம் என்று பெயர் கொண்ட அந்த இடத்தில் 1966இல் ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸில் ஏறியது பழைய பெருமை. அம்மா சேர்ந்தபோது அந்த நெரிசல் குறைந்துவிட்டது. ஆனால் ஊருக்குள் ஹெராயின் வந்துவிட்டது. 1977இல் 'ஃபெரட் நடவடிக்கை' என்று நாடு முழுக்க வளைத்துப் பிடித்த காலம். வார்டில் 'நடுங்குற பிள்ள' என்று சிலதைச் சொல்வார்களாம்.

"என்னம்மா செய்வீங்க?"

"எங்களுக்கு என்ன தெரியும்? துணியில இறுக்கிச் சுத்தி, நெஞ்சோட வச்சுக்கிட்டு நடப்போம். லைட்ட அணைச்சிருவாங்க மிஸி. ரொம்ப நேரம் தூக்கி வச்சிருந்தா கை விட்டுப்போயிரும், அடுத்த ஆள் வாங்கிக்கும்."

மிஸி என்றால் தாதி. பயிற்சியின் இரண்டாவது பாடம் முழுக்க அதுதான். வெளிச்சத்தைக் குறை, சத்தத்தைக் குறை, சுற்று, தோலோடு தோல் சேர்த்து அணை. ஆட்டுவதானால் பக்கவாட்டில் வேண்டாம், மெதுவாக மேலும் கீழும். கேட்டவுடன் 'பார்த்தீர்களா, நம் முன்னோர்' என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். வயல் வேலைக்குப் போகும்போது பிள்ளை எழாமல் இருக்க நாக்கில் அபின் தடவிவிட்டுப் போனவர்களும் நம் முன்னோர்தான். வெள்ளைக்காரன் சளைத்தவனில்லை. மிஸஸ் வின்ஸ்லோ என்ற பெயரில் மார்ஃபின் கலந்த பானகத்தைப் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்றே பாட்டிலில் அடைத்து விற்றான். இந்தத் தீவையே பிரிட்டிஷ்காரர்கள் பல காலம் அபின் வருமானத்தில் ஓட்டினார்கள். பாசிர் பாஞ்சாங்கில் புக்கிட் சண்டு என்று ஒரு மேடு இருக்கிறதே, சண்டு என்பது புகைக்கப் பக்குவம் செய்த அபின். அடிவாரத்தில் அரசாங்கத்தின் அபின் ஆலை இருந்ததால் வந்த பெயர்.

இப்போது அதே தீவில் கசகசாவுக்குக்கூடத் தடை. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. கசகசா விதையில் மார்ஃபின் துளி ஒட்டியிருக்கும், பெட்டியில் வைக்காதீர்கள் என்று. அம்மாவின் குருமாவில் அதன் இடத்தை முந்திரி பிடித்து முப்பது வருடமாகிறது. ருசி வரவில்லை என்ற புகாருக்கும் அதே வயது.

*

2009இல் நடந்ததைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அப்போது வேறோர் மருத்துவமனையில் பிரசவப் பிரிவில் இருந்தேன். ஒரு தமிழ்ப் பெண், முதல் பிரசவம், சுகப்பிரசவம். தமிழ் ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தேன். மாமியார் பத்தியச் சாப்பாட்டு அடுக்கோடு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். கணவர் குழந்தையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கையில் சேர்க்கைப் படிவம். சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, ஒவ்வாமை உண்டா என்று வரிசையாக வந்து, அதே மூச்சில், சிரித்துக்கொண்டே கேட்டேன்:

"போதைப் பழக்கம் எதுவும் இல்லையில்ல?"

கேள்வியிலேயே பதிலையும் வைத்துவிட்டேன். மாமியார் முகம் சுளித்தார். அந்தப் பெண் "இல்ல மிஸி" என்றாள். 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

இரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் இரவு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடி வந்தார்கள். நடுக்கம், வாந்தி, உச்சக் குரலில் அழுகை, லேசான காய்ச்சல். பிறந்து மூன்று நாளான குழந்தைக்குக் காய்ச்சலும் நடுக்கமும் என்றால் யாரும் முதலில் கிருமித் தொற்றைத்தான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். சர்க்கரை, கால்சியம் பார்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். இரண்டு ஆன்டிபயாடிக் ஓடியது. எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது, குழந்தை மட்டும் அடங்கவில்லை.

உண்மை ஐந்தாம் நாள் வெளியே வந்தது, டாக்டரிடமோ தாதியிடமோ இல்லை. வார்டைத் துடைக்கும் மக்சிக், அதாவது மலாய் அம்மா ஒருவர், அந்தப் பெண்ணுக்குத் தினமும் மைலோ கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் கேட்கவில்லை. அதனால் அவரிடம் அழுதிருக்கிறாள். இருமல் மருந்து. கோடீன் கலந்தது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு நீண்ட இருமலுக்கு ஆரம்பித்தது, இருமல் போன பிறகும் நிற்கவில்லை. கர்ப்பத்தில் தினமும் இருந்திருக்கிறது.

அவள் என்னிடம் பொய் சொன்னாள் என்று அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன். அறையில் மற்றவர்களும் தலையாட்டினார்கள். இந்தப் பயிற்சியில் நான்காவது பாடத்தில் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்கும் ஒலிப்பதிவு ஒன்று வருகிறது. முதல் விதம் ஆங்கிலத்தில் இருந்தாலும் அது என் குரல். அந்தச் சிரிப்புகூட என்னுடையது. 'போதைப் பழக்கம்' என்று நான் கேட்டேன். இருமல் மருந்தை அவள் போதை என்று நினைத்திருப்பாளா? நினைத்திருந்தாலும் மாமியார் அடுக்கோடு நிற்கும்போது சொல்வாளா?

கோடீனும் அபின் வகைதான். முன்பே தெரிந்திருந்தால் குழந்தையை வீட்டுக்கு அனுப்பாமல் கூடுதலாகச் சில நாள் வைத்துப் பார்த்திருப்போம். ஹெராயின் என்றால் பெரும்பாலும் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். மெத்தடோன் போன்ற நீண்ட நேரம் தங்கும் மருந்துகளுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும். தாய் எதை, எப்போது கடைசியாக எடுத்தார் என்ற ஒரு வரி தெரிந்திருந்தால் அந்தப் பிஞ்சு முதுகில் ஊசி இறங்கியிருக்காது.

*

இன்னொரு குழந்தை. இது போன வருடம்.

உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறந்தவன். குடல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. அறுவை சிகிச்சை, மூச்சுக் கருவி, வலி தெரியாமலிருக்கப் பன்னிரண்டு நாள் ஃபென்டனில் என்ற அபின் வகை மருந்து. ஐந்து நாளைத் தாண்டி ஓடினாலே உடம்பு பழகிவிடும். குழாயை எடுத்து, மருந்தைக் குறைக்க ஆரம்பித்ததும் அவனும் நடுங்கினான். அதே கம்பிக் குரல், அதே தும்மல், அதே வியர்வை, பேம்பர்ஸ் மாற்றும் இடத்தில் அதே புண். எங்கள் வார்டில் அவனுக்கும் அதே தாள்தான்.

அப்பா இணையத்தில் தேடியிருக்கிறார். முகம் வெளிறிப்போய் வந்து நின்றார்.

"சிஸ்டர், என் பிள்ளைக்குப் போதை மருந்தா குடுத்தீங்க? இவன் அடிக்டா?"

"அடிக்ட் இல்லண்ணே. உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கு, அவ்வளவுதான். தேடிப் போய்க் குடிக்கிறவனுக்குத்தான் அந்தப் பேரு. இவனுக்கு என்ன தெரியும்?"

அவருக்குப் பாதிதான் பிடிபட்டது. தமிழில் இது ஒரு சங்கடம். உடம்பு பழகிப்போவதற்கும் மனம் அடிமையாவதற்கும் நாம் பேச்சில் வேறு வேறு சொல் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் 'போதை'. கூட வந்த பாட்டிதான் எனக்கு வழி காட்டினார். எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

"பால் மறக்கடிக்கிற மாதிரி பாட்டிம்மா. ஒரே நாள்ல நிறுத்தினா பிள்ள கத்தும்ல? கொஞ்சங்கொஞ்சமா. தினம் பத்து விழுக்காடு, சில நாள் இருபது."

"அப்ப வேப்பெண்ணெ தடவ மாட்டீங்கன்னு சொல்லு" என்றார். அப்பாவும் சிரித்துவிட்டார்.

எவ்வளவு பொறுமையாகப் பேசினேன் பாருங்கள். நாற்காலி போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் கொண்டு வந்து வைத்தேன். அந்தக் குழந்தையின் இரத்தத்தில் இருந்ததும் அபின் வகை மருந்து, 2009 குழந்தையின் இரத்தத்தில் இருந்ததும் அதே வகை. ஒன்றை நாங்கள் ஏற்றினோம், இன்னொன்றை அம்மா ஏற்றினாள். பிள்ளை நடுங்கியதில் வித்தியாசம் இல்லை. 2009இல் அந்தத் தாய் தொட்டில் அருகே வந்தபோது நான் நகர்ந்து இடம்கூட விடவில்லை என்பது நினைவிருக்கிறது.

*

பயிற்சியின் கடைசிப் பகுதிக்கு வந்தபோது எனக்குக் கோபமே வந்தது. நான்கு இரவு உயிரைக் கொடுத்துத் தும்மல் எண்ணப் பழகிய பிறகு, எண்ணுவதையே விட்டுவிடலாம் என்கிறார்கள்.

ஃபின்னகன் தாளில் இருபத்தொரு இனங்கள். அதை நிரப்பத் தூங்கும் குழந்தையைப் பிரிக்க வேண்டும், கை காலை நீட்டிப் பார்க்க வேண்டும், தலையைச் சற்றே விட்டுப் பிடித்துத் திடுக்கிடுகிறதா என்று சோதிக்க வேண்டும். அமைதிதான் மருந்து என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கொரு தடவை எழுப்பினால்? யேல் நியூ ஹேவனில் மேத்யூ கிராஸ்மன் குழுவினர் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். கேள்வி மூன்றே மூன்று. குடித்ததா? ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியதா? பத்து நிமிடத்துக்குள் சமாதானமாயிற்றா? மூன்றுக்கும் ஆம் என்றால், தும்மட்டும், நடுங்கட்டும், விடு. இல்லையென்றால் மருந்துக்கு முன்னால் அணைப்பைக் கூட்டு, வெளிச்சத்தைக் குறை, அம்மாவைக் கூப்பிடு. எங்கள் ஜூனியர் பெண் ஒருத்திக்குத் தமிழில் இப்படிச் சொல்லிக் கொடுத்தேன்: குடிச்சாச்சா, தூங்கியாச்சா, அடங்கியாச்சா.

அவர்கள் 2017இல் வெளியிட்ட கணக்கில், சராசரியாக 22.4 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தைகள் 5.9 நாளில் வீட்டுக்குப் போனார்கள். மார்ஃபின் தேவைப்பட்டவர்கள் 98 விழுக்காட்டிலிருந்து 14க்கு இறங்கினார்கள். ஓர் ஆஸ்பத்திரிக் கதையாயிற்றே என்று சந்தேகப்பட்டவர்களுக்கு 2023இல் பெரிய ஆய்வு வந்தது. 26 மருத்துவமனைகள், 1,305 குழந்தைகள். பழைய முறையில் வீட்டுக்கு அனுப்பத் தயாராக 14.9 நாள், புதிய முறையில் 8.2. மருந்து தேவைப்பட்டது பழைய முறையில் 52 விழுக்காடு, புதியதில் 19.5. புதிய முறைக்கு மாறும் முன் அந்த மருத்துவமனைகள் தாதியருக்குப் பயிற்சி கொடுக்கவே தனியாகக் காலம் ஒதுக்கின.

இவ்வளவும் சரி. ஆனால் காணொளியில் வரும் ஒவ்வொரு அறையிலும் ஒரு சாய்வு நாற்காலி, அதில் அம்மா. அவள் கையில் மெத்தடோன் சிகிச்சை அட்டை. அங்கே கர்ப்பிணிக்கு ஹெராயினைத் திடீரென்று நிறுத்த வேண்டாம், மெத்தடோனிலோ புப்ரெனார்ஃபினிலோ நிலைப்படுத்து, பிறகு தாய்ப்பால்கூடக் கொடுக்கலாம் என்பது வழிமுறை. புப்ரெனார்ஃபின்தான் இங்கே நாம் சுபுடெக்ஸ் என்று அறிந்தது. அதையும் ஊசியில் ஏற்ற ஆரம்பித்ததால் 2006 ஆகஸ்ட் முதல் இங்கே அது ஏ பிரிவு போதைப்பொருள். போதைப் பழக்கம் உள்ளவர் என்று டாக்டர் கருதினால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இங்கே சட்டம். மறுவாழ்வு நிலையத்துக்குப் போன தாய்க்கு நான் எங்கே நாற்காலி போடுவது?

சட்டம் தப்பு என்று எழுத வரவில்லை. அந்த விவாதத்தில் என் மனம் இரண்டு பக்கமும் போய்விட்டு வருகிறது. புளோக்கின் கீழ்த்தளத்தில் கையில் ஊசியோடு சரிந்து கிடந்த பையனைப் பார்த்து வளர்ந்தவள் நான். அமெரிக்காவிலும் எல்லோரும் நாற்காலி போட்டுவிடவில்லை. டென்னசி மாநிலம் 2014இல் இப்படிப்பட்ட தாய்மாரைக் குற்றவாளியாக்கச் சட்டம் கொண்டு வந்தது, 2016இல் அது காலாவதியாயிற்று. எனக்கு உறுத்துவது சின்ன விஷயம். அம்மா இல்லாத குழந்தைக்கு யாருடைய மடி? பயிற்சியில் தன்னார்வலர்கள் வந்து தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எங்கள் வார்டில் ஒரு பாட்டி மார்சிலிங்கிலிருந்து இரண்டு பஸ் மாறித் தினமும் வந்தார். மகள் உள்ளே. காலை பத்து மணிக்கு வந்தால் பேரனை இறக்கி வைக்க மாட்டார். கழிவறைக்குப் போகும்போது மட்டும் "இந்தா பொண்ணு, பிடி" என்று யார் கையிலாவது திணிப்பார். அந்த மூன்று கேள்விகளுக்கும் பகலெல்லாம் 'ஆம்' வரும். இரவு எட்டுக்குப் பாட்டி போனதும் 'இல்லை' ஆரம்பிக்கும். இரவு ஷிஃப்டில் இரண்டு தாதி, எட்டுத் தொட்டில். மார்ஃபின் இரவில்தான் தேவைப்பட்டது.

*

கடைசித் தேர்வில் ஒரு கேள்வியைச் சொல்கிறேன், தாதியர் யாராவது படித்தால் உதவும். ஹெராயினுக்குப் பழகிய தாயின் குழந்தை பிறந்ததும் மூச்சு விடத் திணறுகிறது, நலோக்சோன் போடலாமா? அபின் வகையை முறிக்கும் மருந்தாயிற்றே என்று கை போகும். போடக்கூடாது. முறிவு ஒரே அடியாக வந்து குழந்தைக்கு வலிப்பு வரலாம். மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுங்கள். எங்கள் குழுவில் மூன்று பேர் இதில் தவறினார்கள், மூவரும் என்னைவிடப் புத்திசாலிகள்.

சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து இரண்டு மாதம் இருக்கும். இரவு ஷிஃப்ட். பிரசவப் பிரிவிலிருந்து ஒரு குழந்தையைப் 'பால் குடிக்கவில்லை, கொஞ்சம் துடிப்பாக இருக்கிறது' என்று எங்களிடம் அனுப்பினார்கள். முதலில் சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. இரண்டரை மணிக்கு அம்மா சக்கர நாற்காலியில் தனியாக வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். திரையை இழுத்துவிட்டு, நின்றுகொண்டு பேசாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, எல்லா அம்மாகிட்டயும் கேக்கறதுதான். வலிக்கோ இருமலுக்கோ தூக்கத்துக்கோ தினமும் எடுத்துக்கற மருந்து ஏதாச்சும் இருக்கா? கிளினிக்ல குடுத்ததா இருந்தாலும் சரி, வேற எங்கயாவது வாங்கினதா இருந்தாலும் சரி. நீங்க சொல்றத டாக்டர்கிட்ட நான் சொல்லணும், அத மறைக்க மாட்டேன். ஆனா தெரிஞ்சா பாப்பாவுக்கு ஊசி குறையும்."

பதில் வர வெகு நேரமாயிற்று. பக்கத்துத் தொட்டிலின் மானிட்டர் இரண்டு முறை கத்தி அடங்கியது.

"முதுகு வலிக்கு" என்றாள். "டிரமடால். ஆக்சிடன்ட்டுக்கு அப்பறம் குடுத்தாங்க. நிறுத்தச் சொன்னாங்க. முடியல. ரெண்டு கிளினிக்ல மாத்தி மாத்தி வாங்குவேன்."

"கடைசியா எப்ப?"

"முந்தாநேத்து காலைல. வலி வந்தப்ப." பிறகு, "வீட்டுக்காரருக்குத் தெரியாது மிஸி."

டிரமடாலும் அபின் வகை வலி மருந்துதான். எழுதிக்கொண்டேன். மருந்து, அளவு, நேரம். டாக்டரை அழைத்தேன். முதுகு ஊசி அன்று யாரும் போடவில்லை. விளக்கைத் தணித்துவிட்டு, அவள் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி, குழந்தையைப் பேம்பர்ஸோடு மட்டும் நெஞ்சில் கவிழ்த்துப் படுக்க வைத்து இருவரையும் சேர்த்துத் துணியால் சுற்றினேன். கத்தியது. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டாவது நிமிடத்தில் குரல் உடைந்து விக்கலாகி, நின்றது.

எங்கள் பிரிவில் இன்னும் பழைய தாள்தான். மூன்றே கால் மணிக்கு நிரப்புவதற்காகப் பேனாவோடு திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன், எழுப்பக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, கண்ணுக்கும் காதுக்கும் கிடைப்பதை மட்டும். உள்ளே ஒரு தும்மல். கொஞ்சம் கழித்து இன்னொன்று. மூன்றாவது. நான்காவதுக்கு அந்தப் பெண்ணின் குரல் கேட்டது, பாதித் தூக்கத்தில்.

"நானூறு."

தும்மல் வரியில் ஒன்று போட்டேன்.